தடுப்பூசியைச் சோதிக்கும்போது குடலையும் பாருங்கள்

கால்நடைத் தடுப்பூசிகளைச் சோதிக்கும் ஆய்வாளர்களுக்கும், அவற்றுக்கு அனுமதி வழங்கும் அமைப்புகளுக்கும் வணக்கம்.

தடுப்பூசி போட்ட பண்ணையிலும் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்துவிட்டால், கேள்வியெல்லாம் பண்ணைக்காரர் பக்கம்தான் திரும்புகிறது. மருந்து குளிர்ச்சி குறையாமல் இருந்ததா, அதைக் கலந்து கொடுத்த குடிநீரில் குளோரின் இருந்ததா, எல்லாக் கோழிகளும் குடித்தனவா? சரி, கேட்க வேண்டியவைதான். அந்தக் கோழிகளின் குடலும் அதில் வாழும் பாக்டீரியாக்களும் எப்படி இருந்தன என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

கோழியைப் பொறுத்தவரை இதை விட்டுவிடவே முடியாது. கிருமியை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியைச் சுரக்கும் பி செல்கள், ஃபேப்ரீசியஸ் பை என்ற உறுப்பில்தான் முதிர்கின்றன. அந்தப் பையை நீக்கிய கோழிகளில் ஆன்டிபாடி சரியாக உருவாகவில்லை என்று புரூஸ் கிளிக்கும் உடன் ஆய்வாளர்களும் 1956-இல் வெளியிட்டார்கள். பை இருப்பதோ குடல் முடியும் இடத்தில், எச்சப்புழையை நோக்கித் திறந்தபடி. குடலில் உள்ள நுண்ணுயிரிகளின் கூறுகள் நேராக அதற்குள் போகின்றன. ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்த கோழிகளில், பறவைக் காய்ச்சல் தடுப்பூசிக்கு ஆன்டிபாடி குறைவாகவே உருவானதும் சோதனையில் தெரிந்திருக்கிறது.

இன்குபேட்டரில் பொரிந்த குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை. தாயிடமிருந்து வர வேண்டிய பாக்டீரியாவும் வருவதில்லை. வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததை எடுத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லா எளிதில் தொற்றுவதில்லை என்று பின்லாந்தின் நூர்மியும் ரன்டலாவும் 1973-இலேயே காட்டினார்கள். அப்படிக் குடல் இன்னும் காலியாக இருக்கும் முதல் நாளிலேயே தடுப்பூசியும் போடுகிறோம். சில இடங்களில் கூடவே ஆன்டிபயாடிக்கும் போகிறது.

பன்றிகளுக்கு வாய்வழி தரும் உயிருள்ள பாக்டீரியா தடுப்பூசிகளில், அதற்கு முன்னும் பின்னும் சில நாள் ஆன்டிபயாடிக் கூடாது என்று எழுதியிருக்கிறது. தடுப்பூசிக் கிருமியையே மருந்து கொன்றுவிடும் என்பதுதான் அங்கே காரணம். ஊசியில் போகும் செயலிழந்த வைரஸுக்கு அந்தக் கவலை இல்லை என்பதால், குடல் பற்றிய பேச்சே எழுவதில்லை.

நோயுற்ற விலங்குக்கு மருந்தை மறுக்கச் சொல்லவில்லை. நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் வாங்கிப் போடுங்கள் என்றும் கேட்கவில்லை. அவற்றின் பலன் வகைக்கு வகை மாறுகிறது. நான் கேட்பது பதிவு. சோதனைக்கு எடுத்த விலங்குகள் என்ன தீனி தின்றன, எந்த ஆன்டிபயாடிக்கை எப்போது பெற்றன என்பதை முடிவுகளோடு சேர்த்து வெளியிடுங்கள். ஊசி போடுவதற்கு முன்பே எச்சமோ சாணமோ எடுத்து உறைநிலையில் வையுங்கள். ஆன்டிபாடி அளவு குறைந்த விலங்குகளைச் சராசரிக்குள் மறைத்துவிடாமல், அவற்றின் மாதிரிகளை முதலில் பிரித்துப் பாருங்கள்.

அக்கறையுடன்,
ஒரு கால்நடை மருத்துவர்