கடைசி நான்கு எண்ணும் டேப் விசையும்

தண்டையார்பேட்டை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுபடியும் சீரியல் பார்க்க உட்கார்ந்துவிட்டார் என்பதே அதற்குச் சான்று. நீ ஓசூருக்குக் குடிபெயர்ந்த பிறகு நம் பக்கத்தில் மாறியது என்றால் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுவதைச் சொல்லலாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த வரிசையில் நிற்கும் பெட்டிகளுக்குக் கணக்கு வைக்கும் வேலைதான் எனக்கும் சோறு போடுகிறது என்பதால் நான் குறை சொல்ல முடியாது.

உன் அலுவலகத்தில் பில் அனுப்ப நீ எழுதிய ஸ்கிரிப்டுக்கு, டேப் விசையைத் தட்டினால் அதன் துணைக்கட்டளைகளும் பில் எண்களும் வரும்படி செய்வது எப்படி என்று கேட்டிருந்தாய். கண்டெய்னர் பெட்டிகளை அடுக்கி வைக்கும் எங்கள் யார்டில், 'யார்டு' என்ற கட்டளைக்கு இதையே செய்து வைத்திருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அடிப்படை எளியது. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல்லுக்குள் 'கம்ப்ளீட்' என்றொரு உள்கட்டளை இருக்கிறது. 2000-இல் வந்த 2.04 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. இன்ன கட்டளைக்குப் பின்னால் டேப் தட்டப்பட்டால் இன்ன ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை) கூப்பிடு என்று அதனிடம் பதிந்துவைக்க வேண்டும். அதற்கான ஆப்ஷன் மைனஸ் பெரிய எஃப். அந்த ஃபங்ஷனுக்கு பாஷ் மூன்று ஆர்க்யுமென்ட்களை, அதாவது உள்ளீடுகளை, கொடுக்கிறது: முதலாவது கட்டளையின் பெயர், இரண்டாவது இப்போது பாதி தட்டப்பட்டிருக்கும் சொல், மூன்றாவது அதற்கு முந்தைய சொல். வரி முழுவதும் சொல் சொல்லாகப் பிரிக்கப்பட்டு 'காம்ப்_வேர்ட்ஸ்' என்ற அரேயில் (வரிசைப் பட்டியலில்) இருக்கும். கர்சர் எத்தனையாவது சொல்லில் நிற்கிறது என்பது 'காம்ப்_சிவேர்ட்' என்ற மாறியில் இருக்கும். உன் ஃபங்ஷன் செய்ய வேண்டியது, இவற்றைப் பார்த்து, பொருந்தும் விடைகளை 'காம்ப்ரிப்ளை' என்ற அரேயில் நிரப்பிவிட்டுத் திரும்புவது மட்டுமே. ஒரு பட்டியலைக் கொடுத்து, தட்டிய எழுத்துகளில் தொடங்குபவற்றை மட்டும் வடிகட்டித் தரச் சொல்ல 'காம்ப்ஜென்' என்ற இன்னொரு உள்கட்டளை கைவசம் இருக்கிறது.

துணைக்கட்டளைகள் மட்டும் போதும் என்றால் ஃபங்ஷனே வேண்டாம். கம்ப்ளீட் கட்டளைக்கு மைனஸ் பெரிய டபிள்யூ போட்டு, மேற்கோளுக்குள் சொற்களை எழுதினால் ஒரே வரியில் முடிந்தது. ஆனால் அந்தப் பட்டியலே ஒவ்வொரு இடத்திலும் வந்து நிற்கும். துணைக்கட்டளைக்குப் பிறகு பில் எண் வர வேண்டிய இடத்திலும் 'அனுப்பு, ரத்து, நிலை' என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதே போல பிடிஎஃப் கோப்புகளை மட்டும் காட்ட மைனஸ் பெரிய எக்ஸ் என்ற வடிகட்டியைப் போட்டால், கோப்புறைகளும் சேர்ந்து மறைந்துவிடும். உள்ளே இறங்கிப் போக வழியிருக்காது. 'பிளஸ்டர்ஸ்' என்ற ஆப்ஷனையும் சேர்த்தால்தான் கோப்புறைகள் திரும்ப வரும்.

இனி எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். பெரும்பாலோர் இந்த ஃபங்ஷனுக்குள் துணைக்கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் கையால் எழுதிவைத்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து ஸ்கிரிப்டில் புதிதாக ஒரு துணைக்கட்டளை சேரும். டேப் பட்டியலில் அதைச் சேர்க்க யாருக்கும் நினைவிருக்காது. புதிதாக வேலைக்கு வந்தவர் டேப் தட்டிப் பார்த்துவிட்டு அப்படியொரு வசதியே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். ஆகவே ஃபங்ஷனுக்கு எதுவுமே தெரியாமல் இருப்பது நல்லது. எது செல்லும், எது செல்லாது என்பது கட்டளைக்குத்தானே தெரியும்? அதனிடமே கேட்டுவிடலாம். எங்கள் யார்டு கட்டளையில் உதவிப் பக்கத்தில் காட்டாத ஒரு துணைக்கட்டளை இருக்கிறது. இதுவரை தட்டிய சொற்களை அதனிடம் கொடுத்தால் அடுத்து வரக்கூடியவற்றை வரிக்கு ஒன்றாக அச்சிடும். ஃபங்ஷன் அதை வாங்கி அரேயில் போடுகிறது, அவ்வளவுதான். சர்வர் கூட்டங்களை நிர்வகிக்கும் கியூப்சிடிஎல் போன்ற பெரிய கருவிகளும் உள்ளுக்குள் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றன. பாஷ், இசட்ஷெல், ஃபிஷ் என்று எந்த ஷெல்லில் இருந்தாலும் விடை ஒன்றாகவே இருக்கும் என்பது இதன் உபரி லாபம்.

இப்படிச் செய்யும்போது இரண்டு செய்திகளில் கவனம் தேவை. முதலாவது வேகம். டேப் தட்டி ஒரு நொடி பதில் வரவில்லை என்றால் ஆட்கள் மறுபடி மறுபடி தட்டுவார்கள். எங்கள் டேட்டாபேஸ் வேறொரு சர்வரில் இருப்பதால், ஒவ்வொரு கேட் இன் (பெட்டி உள்ளே வருவது), கேட் அவுட் (வெளியே போவது) முடிந்ததும் யார்டில் உள்ள பெட்டி எண்களைக் கட்டளையே ஒரு கோப்பில் எழுதிவிடுகிறது. டேப் அந்தக் கோப்பை மட்டும் படிக்கிறது. பாதி எழுதிய கோப்பை யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக, வேறு பெயரில் எழுதி முடித்த பிறகே உரிய பெயருக்கு மாற்றுகிறோம். இரண்டாவது, டேப் தட்டுவதால் எதுவும் மாறக் கூடாது. பட்டியல் கேட்பதற்காகக் கூப்பிடப்படும் பகுதி லாக் எழுதுவதோ, பாஸ்வேர்டு கேட்பதோ, பிழைச் செய்தியைத் திரையில் கொட்டுவதோ கூடவே கூடாது. பாதி தட்டிய வரியின் நடுவே பிழைச் செய்தி வந்து விழுந்தால் எங்கே தட்டிக்கொண்டிருந்தோம் என்றே தெரியாது.

அடுத்தது பெட்டி எண். கண்டெய்னர் எண் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்: ஐஎஸ்ஓ 6346 விதிப்படி உரிமையாளரைக் குறிக்கும் மூன்று எழுத்து, வகையைக் குறிக்கும் ஓர் எழுத்து, ஆறு இலக்கத் தொடர் எண், கடைசியில் சரிபார்ப்பு இலக்கம் ஒன்று, ஆக 11 குறிகள். டேப் வசதி பொதுவாகச் சொல்லின் தொடக்கத்தை வைத்துத்தான் தேடும். ஒரே கப்பல் கம்பெனியின் நூற்றுக்கணக்கான பெட்டிகள் ஒரே நான்கு எழுத்தில் தொடங்கும்போது அந்தத் தொடக்கத்தால் என்ன பயன்? விடைகள் 100-ஐத் தொட்டாலே, எல்லாவற்றையும் காட்டட்டுமா என்று ஷெல் கேள்வி கேட்கும். கேட்டில் நடப்பதோ வேறு. டிரெய்லர் டிரைவர் ஜன்னலிலிருந்து கத்துவது கடைசி நான்கு எண்ணை. பெட்டியைச் சோதிக்கும் சர்வேயர் கையில் எழுதி வைத்திருப்பதும் அதைத்தான். ஆளிடம் கையில் இருப்பது எதுவோ அதைக் கொண்டு தேட முடியாத வசதி, வசதியே அல்ல.

நல்லவேளையாக, ஃபங்ஷன் தரும் விடைகள் தட்டிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று பாஷ் வற்புறுத்துவதில்லை. நான்கு எண்களைத் தட்டி டேப் அழுத்தினால், அந்த எண்களில் முடியும் பெட்டிகளைத் தேடித் தரலாம். ஒன்றே ஒன்று இருந்தால் தட்டிய நான்கு எண்ணும் போய், 11 குறிகளும் முழுமையாக வந்து உட்கார்ந்துவிடும். கேட்டில் இருப்பவர்கள் இதைப் பார்த்ததும் மந்திரம் போல இருக்கிறது என்றார்கள். சிக்கல் எப்போது வருகிறது என்றால், இரண்டு பெட்டிகள் பொருந்தும்போது. விடைகளுக்கெல்லாம் பொதுவான தொடக்கம் எதுவோ, அதைத் தட்டிய சொல்லின் இடத்தில் வைப்பது, நாம் தட்டும் வரியைக் கையாள பாஷ் பயன்படுத்தும் ரீட்லைனின் வழக்கம். இரண்டும் ஒரே கம்பெனிப் பெட்டியானால், தட்டிய எண்கள் மறைந்து நான்கு எழுத்துகள் மட்டும் வந்து நிற்கும். அடுத்த டேப்புக்கு அந்தக் கம்பெனியின் எல்லாப் பெட்டிகளும் வரிசைகட்டும். இதற்குச் சின்ன தந்திரம் ஒன்று உண்டு: விடை ஒன்றுக்கு மேல் இருந்தால் வெறும் இடைவெளி ஒன்றையும் கூடுதல் விடையாக அரேயில் சேர்த்துவிட வேண்டும். அப்போது பொதுத் தொடக்கம் என்று எதுவும் இருக்காது. தட்டியது தட்டியபடி நிற்க, பட்டியல் மட்டும் கீழே வரும். பட்டியலைப் பார்த்து, தட்டிய எண்களுக்கு முன்னால் இன்னொரு எண்ணைச் சேர்த்தால் போதும். உன் பில் எண்களும் நிதியாண்டில்தான் தொடங்குகின்றன என்று எழுதியிருந்தாய். உனக்கும் இதே வழிதான் சரிப்பட்டு வரும்.

ஹோல்டில் உள்ள, அதாவது வெளியே விடாமல் நிறுத்திவைத்த பெட்டிகளை, வெளியே அனுப்புவதற்கான அவுட் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமே என்று இங்கே ஒருவர் யோசனை சொன்னார். நான் நீக்கவில்லை. சுங்கத்துறை நிறுத்திவைத்த பெட்டி டேப்பில் வரவில்லை என்றால், அந்தப் பெட்டி யார்டிலேயே இல்லை என்று நினைத்து ஆட்கள் வரிசை வரிசையாகத் தேடப் போய்விடுவார்கள். பெட்டி வரட்டும், கட்டளை அதை மறுத்துக் காரணத்தைச் சொல்லட்டும். எப்படியும் டேப் என்பது காவல் இல்லை. பட்டியலில் இல்லாததை முழுதாகத் தட்டி என்டர் அழுத்தினால் ஷெல் அப்படியே அனுப்பிவிடும். சரிபார்ப்பு இலக்கத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது முதலிய எல்லாச் சோதனைகளும் கட்டளைக்குள்ளேதான் இருக்க வேண்டும்.

முக்காற்புள்ளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் யார்டில் பிளாக், வரிசை, அடுக்கு மூன்றையும் முக்காற்புள்ளியால் பிரித்து எழுதும் வழக்கம் இருந்தது. பாஷ் சொற்களைப் பிரிக்கும் குறிகளில் முக்காற்புள்ளியும் ஒன்று என்பதால் ஒரே இடக்குறி, ஃபங்ஷனின் கண்ணுக்குத் துண்டு துண்டாகத் தெரியும். அந்தக் குறிகளின் பட்டியல் 'காம்ப்_வேர்ட்பிரேக்ஸ்' என்ற மாறியில் இருக்கிறது. அதிலிருந்து முக்காற்புள்ளியை எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த மாறி ஷெல் முழுவதற்கும் பொதுவானது. மற்றக் கட்டளைகளின் டேப் கெட்டுப்போகும். அந்த மாறியைத் தொடாமல் சமாளிக்க, பல கட்டளைகளுக்கு டேப் வசதி தரும் பாஷ்-கம்ப்ளீஷன் தொகுப்பில் துணை ஃபங்ஷன் இருக்கிறது என்றாலும், நாங்கள் முக்காற்புள்ளிக்குப் பதில் ஹைஃபன் போட்டு வேலையை முடித்துக்கொண்டோம்.

எழுதிய கோப்பை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தாய். ஷெல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் திணிக்காதே. உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகள் இரண்டிலும் பாஷ்-கம்ப்ளீஷன் தொகுப்பு இருந்தால், உன் ஹோம் கோப்புறைக்குள் டாட் லோக்கல், ஷேர், பாஷ்-கம்ப்ளீஷன், கம்ப்ளீஷன்ஸ் என்ற வரிசையில் உள்ள கோப்புறையில், கட்டளையின் பெயரையே கோப்புக்கும் வைத்துப் போட்டுவிடு. முதல் முறை டேப் தட்டும்போதுதான் அது ஏற்றப்படும். பதிவு இல்லாத கட்டளைகளுக்கென்று பொதுவாக ஒரு ஃபங்ஷனை வைத்து, அது உரிய கோப்பை ஏற்றிவிட்டு 124 என்ற எண்ணைத் திருப்பினால் பாஷ் மீண்டும் முதலிலிருந்து முயல்வது என்பதே இதன் சூட்சுமம்; பாஷ் 4.1 முதல் இது உண்டு. இதனால்தான் நூற்றுக்கணக்கான கட்டளைகளுக்கு டேப் வசதி இருந்தும் டெர்மினல் சட்டென்று திறக்கிறது.

உன் பார்ட்னர் மேக் வைத்திருக்கிறார் என்றாயே, அங்கே கணக்கு வேறு. ஆப்பிள் கூடவே தரும் பாஷ் இன்னமும் 3.2 தான், மேலே சொன்ன தாமத ஏற்றமும், சிறிய எழுத்துகளைப் பெரிய எழுத்தாக்கும் சுருக்க வழியும் அதில் கிடையாது. 2019 முதல் மேக்கின் இயல்பான ஷெல் இசட்ஷெல் ஆகிவிட்டது. அதில் 'பாஷ்காம்ப்இனிட்' என்பதை இயக்கினால் பாஷுக்கு எழுதியது ஓரளவு ஓடும். ஆனால் கடைசி எண்ணை வைத்துத் தேடும் பகுதியை இசட்ஷெல்லின் 'காம்ப்ஆட்' கட்டளைக்கு மைனஸ் பெரிய யு போட்டுத் தனியாக எழுதுவது நல்லது. அந்த ஆப்ஷன் இல்லாவிட்டால் தட்டிய எழுத்தில் தொடங்காத விடைகளை இசட்ஷெல் தள்ளிவிடும்.

ஃபங்ஷன் எதையும் தரவில்லை என்றால், முதலில் கம்ப்ளீட் கட்டளைக்கு மைனஸ் சிறிய பி போட்டு, உன் கட்டளை பதிவாகியிருக்கிறதா என்று பார். பதிவாகியிருந்தும் விடை இல்லையெனில் இயங்கும் ஒவ்வொரு கட்டளையையும் அச்சிட்டுக் காட்டும் செட் மைனஸ் எக்ஸ் போட்டுத் தடம் பார்க்க வேண்டும். அந்தத் தடத்தை 'பாஷ்_எக்ஸ்ட்ரேஸ்எஃப்டி' என்ற மாறியின் மூலம் ஒரு கோப்புக்குத் திருப்பி, வேறொரு டெர்மினலில் அதைத் திறந்து வைத்துக்கொள்.

ஸ்கிரிப்ட் முழுவதையும் அனுப்ப வேண்டாம்; பில் எண்ணைத் தேடும் பகுதியை மட்டும் எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். பார்ட்னரின் மேக்கில் எந்தப் பதிப்பு என்பதையும் கேட்டு எழுது. அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

என்றும் அன்புடன்,
உன் தண்டையார்பேட்டை நண்பன்