பெட்டிக்குள் காயின் இல்லை, சரவணா

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் வந்தது. பெரியவளுக்குத் தையில் நிச்சயதார்த்தம் என்று படித்த கையோடு மீனாட்சி உன் வீட்டுக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பேசித் தீர்த்துவிட்டாள். அதனால் அதைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

ஹார்டுவேர் வாலெட் என்கிற அந்தக் குட்டிப் பெட்டியை வாங்கி, எக்ஸ்சேஞ்சில், அதாவது நீ வாங்கிய இணையச் சந்தையில், கிடக்கும் பிட்காயினை அதற்குள் போட்டு பீரோவில் பூட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்கு. ஆனால் அதற்குள் காயின் எதுவும் போகாது. நிலம் ஊரில் கிடக்க, அதை விற்கும் கையெழுத்து மட்டும் உன்னிடம் இருப்பது மாதிரிதான் இது. எந்த முகவரியில் எத்தனை பிட்காயின் என்ற பதிவு உலகம் முழுக்கப் பல்லாயிரம் கணினிகளில் இருக்கிறது. பெட்டியில் இருப்பது அந்தக் கையெழுத்தைப் போடும் ரகசியச் சாவி. பெட்டி கையெழுத்தை உள்ளேயே போட்டு அதை மட்டும் வெளியே தரும். உன் கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தாலும் சாவி அதன் கண்ணில் படாது.

எக்ஸ்சேஞ்சில் விட்டால் அந்தச் சாவி அவர்களிடம் இருக்கிறது என்று அர்த்தம். 2014இல் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது ஜனங்களுக்கு இது புரிந்தது. 2024 ஜூலையில் இந்திய எக்ஸ்சேஞ்சான வசீர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் களவு போனபோது நம் ஊர்க்காரர்களுக்கும் புரிந்தது. அது தொடர்பான ஒரு வழக்கில் கிரிப்டோவும், அதாவது பிட்காயின் மாதிரியான டிஜிட்டல் காசும், ஒரு சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் கோர்ட்டுக்கு அலையும் வயதா நமக்கு?

பெட்டியை முதலில் ஆன் செய்ததும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். 2048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து அதுவே பொறுக்குவது. உன் சொத்து உண்மையில் அந்தச் சொற்கள்தான். பெட்டி தொலைந்தாலும் உடைந்தாலும் வேறொன்றில் அவற்றை அதே வரிசையில் போட்டால் எல்லாம் திரும்ப வரும். எவன் கையில் கிடைத்தாலும் அவனுக்கும் வரும். போட்டோ எடுக்காதே, வாட்ஸ்அப்பில் உனக்கே அனுப்பி வைக்காதே. காகிதத்தில் எழுது. உன் வீட்டுக் கரையான் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, ஸ்டீல் தகட்டிலும் பொறித்து வை. ஒன்று வீட்டில், இன்னொன்று பேங்க் லாக்கரில். கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்று எவனாவது அந்தச் சொற்களைக் கேட்டால் அவன் திருடன். இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். 2020இல் இந்தப் பெட்டிகளைத் தயாரிக்கும் லெட்ஜர் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்தது. அதிலிருந்த சிலருக்கு அடுத்த வருஷம் போலிப் பெட்டியே தபாலில் போய்ச் சேர்ந்தது!

எனவே தயாரிக்கும் கம்பெனியிடமே நேரடியாக வாங்கு. சொற்கள் முன்கூட்டியே அச்சடித்த அட்டையோடு வந்தால் தொடவே தொடாதே.

பெட்டியை உடைக்க முடியாதா என்று உன் பையன் கேட்பான். முடியும். டிரெசர் ஒன் என்ற பெட்டி மாடலின் பின் நம்பரை மறந்துபோன ஒருவருக்காக, ஜோ கிராண்ட் என்ற அமெரிக்க ஹார்டுவேர் நிபுணர் அதன் சிப்பை ஏமாற்றி நம்பரை வெளியே எடுத்தார். 2022இல் வெளியான அந்த வீடியோவை நான் வாய்பிளந்து பார்த்தேன். ஆனால் பெட்டி அவர் மேஜை மேல் இருந்தது. உன் பீரோவரை வந்து அதைச் செய்கிறவன் அபூர்வம்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறக்குறைய 150 கோடி டாலர் போனது. கையெழுத்துப் போட்டவர்களிடம் ஹார்டுவேர் வாலெட் இருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் திரை வழக்கமான பரிமாற்றம் என்று பொய்யாகக் காட்டியது. அதை நம்பி ஒப்புதல் கொடுத்தார்கள். ஆகவே பணம் அனுப்பும்போது முகவரியைப் பெட்டியின் குட்டித் திரையில் எழுத்தெழுத்தாகப் பார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார், சோம்பல்படாதே.

முதலில் கொஞ்சம் மட்டும் அனுப்பு. பிறகு பெட்டியை வேண்டுமென்றே அழித்துவிட்டு, எழுதி வைத்த சொற்களைப் போட்டுத் திரும்ப எடு. கணக்கு சரியாக வந்த பிறகே மிச்சம். வாங்கிய விலை, தேதி எல்லாம் நோட்டில் இருக்கட்டும். விற்கும்போது லாபத்தில் 30 சதவீதம் வரி, ஒரு கிரிப்டோவில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் விடமாட்டார்கள்.

கல்யாணியிடம் சொல்லிவிட்டாயா? பேங்க் மாதிரி இதில் நாமினி கிடையாது. தகடு எங்கே இருக்கிறது, அதை என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாவிட்டால், உனக்குப் பிறகு அந்தக் காசு யாருக்கும் இல்லை. எழுதிக் கொடுத்தால் போதாது, அந்த அழித்து எடுக்கும் சோதனையை அவள் கையாலேயே செய்ய வை.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்பே வருகிறோம். பெட்டியை அப்போது காட்டு, பார்க்க ஆசைதான். சொற்களை என்னிடமும் காட்டாதே.

அன்புடன்,
ராமு