டோப்பமைனை மட்டும் குறை சொல்லாதே, கண்ணு

அன்புள்ள கயல்,

சாப்பிட்டாயா? உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "டோப்பமைன் எல்லாம் காலிம்மா, அதான் உட்கார்ந்து படிக்கவே முடியல" என்கிறாய். வேலைக்கும் போய்க்கொண்டு பரீட்சைக்கும் படிக்கிறவளுக்கு அலுப்பு வரத்தான் செய்யும், அதை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூளையில் ரசாயனம் கூடினால் நல்லது, குறைந்தால் போச்சு என்று இப்போது ஆளாளுக்குப் பேசுவதை நீயும் அப்படியே எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் பெற்ற பிள்ளை நீ.

நரம்பு செல் தன் ரசாயனத்தைச் சின்னச் சின்னப் பைகளில் அடைத்து வைத்திருக்கிறது, ஒரு பை ஏறக்குறைய 40 நானோமீட்டர் அகலம்தான். அது திறந்து கொட்டினால் மட்டும் போதாது, எதிரே இருக்கிற செல்லில் அதைப் பிடித்துக்கொள்ள ஏற்பிகள் இருக்க வேண்டும், அதுவும் சரியான இடத்தில், சரியான எண்ணிக்கையில். இப்படி இரண்டு செல்கள் எதிரெதிரே நெருங்கிச் சேதி பரிமாறிக்கொள்ளும் இடத்தைத்தான் சந்திப்பு என்கிறேன். பைக்கு வேண்டிய புரதங்களும் ஏற்பிகளும் பெரும்பாலும் தயாராவது செல்லின் உடல் பகுதியில். வேலை நடக்கிற இடமோ வெகு தூரம். உன் முதுகுத் தண்டிலிருந்து கால் விரல் வரை போகிற நரம்பு இழை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம்! தானாக மிதந்து போய்ச் சேரட்டும் என்று விட்டால் மனித ஆயுள் போதாது. அதனால்தான் சுமந்து போவதற்கென்றே கைனெசின், டைனீன், மயோசின் என்று இயக்கப் புரதங்கள் இருக்கின்றன. மயோசினைத் தசைப் பாடத்தில் படித்திருப்பாய், அதே குடும்பம்தான்.

கைனெசினைப் பிரித்தெடுத்தது 1985இல், அமெரிக்காவில் உட்ஸ் ஹோல் என்ற கடலோர ஊரில், ரான் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் மூவரும். ஊசிக் கணவாயின் உடம்பில் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனான நரம்பு இழை உண்டு. அதற்குள் இருப்பதைப் பற்பசையைப் பிதுக்குவது மாதிரி வெளியே பிதுக்கி, வீடியோ கேமரா பொருத்திய நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், செல்லுக்கு வெளியே வந்த பிறகும் துகள்கள், செல்லுக்குள் தண்டவாளம் மாதிரி நீண்டு கிடக்கிற நுண்குழல்கள் மேல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதை வைத்துத்தான் தள்ளுவது யார் என்று தேடிப் பிடித்தார்கள். கைனெசின் இரண்டு கால்களை மாற்றி மாற்றி வைக்கிறது, ஒரு அடி 8 நானோமீட்டர், அடிக்கு, செல்லின் எரிபொருளான ஏடிபியில் ஒரு மூலக்கூறு செலவு, நொடிக்கு நூறு அடி போல. கைனெசின் பெரும்பாலும் செல் உடலிலிருந்து நுனிக்குப் போகும், டைனீன் நுனியிலிருந்து திரும்பும்.

இதுவரை வெறும் சுமை வேலைதான். எனக்கு வியப்பு இதற்கு அப்புறம்தான் கண்ணு. ஒரு சந்திப்பில் சமிக்ஞை பலமாக வந்து விழுந்தால் அங்கே கால்சியம் உள்ளே நுழையும். பக்கத்தில் மடங்கிக் கிடக்கிற மயோசின் ஐந்து-பி அந்தக் கால்சியம் பட்டதும் விரிந்து, ஏற்பிகளாகிய தன் சுமையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சந்திப்பில் சேதி வாங்குகிற செல்லில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் புடைப்புக்குள் ஏறிவிடும். ஏற்பி கூடும், அடுத்த தடவை அதே அளவு ரசாயனம் வந்தாலும் பதில் பெரிதாக இருக்கும். செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவைச் சுமந்துபோகிற கைனெசினுக்கோ அதே கால்சியம் 'நில்' என்று சொல்லும், மீரோ என்ற இணைப்புப் புரதம் வழியாக. ஆற்றல் எங்கே தேவையோ அங்கேயே மைட்டோகாண்ட்ரியா நின்றுவிடும். மயோசின் ஆறு இருக்கிறதே, அது மற்ற மயோசின்களுக்கு எதிர்த் திசையில் நடக்கக்கூடியது, ஏற்பிகளை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ள உதவுகிறது. ஏற்றுவதும் இறக்குவதும் நிறுத்துவதும் இப்படி அந்தந்த இடத்திலேயே முடிவாகிறது. டோப்பமைனும் விலக்கில்லை, அதைப் பைக்குள் அடைக்கிற புரதமும் யாராவது சுமந்து வந்து சேர்க்க வேண்டியதுதான்.

டோக்கியோவில் ஹிரோகாவாவின் ஆய்வுக்கூடத்தில், குளூட்டமேட் என்ற மூளை ரசாயனத்தைப் பிடிக்கிற ஒரு வகை ஏற்பியைச் சுமக்கும் கிஃப்17 என்ற கைனெசினை எலிகளின் மூளையில் அதிகமாக உண்டாக்கினார்கள். இடத்தை நினைவில் வைக்கும் சோதனைகளில் அந்த எலிகள் மற்றவற்றைவிட நன்றாகச் செய்தன. 2002இல் வந்த முடிவு அது. சுமப்பவரைக் கூட்டினார்கள், நினைவு கூடியது. கிஃப்1ஏ என்ற இன்னொன்று கெட்டுப் பிறக்கிற குழந்தைகளுக்குக் கால் விறைப்பு, பார்வைக் குறை, கற்பதில் பின்னடைவு எல்லாம் வருகின்றன. அந்தப் பெற்றோர்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. மூலனூர் போகும் வழியில் கம்பிப் பந்தலில் ஏறிக் கிடக்குமே கண்வலிக்கிழங்கு, அதுதான். காலையிலேயே ஆட்கள் இறங்கி ஒவ்வொரு பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைப்பதைப் பார்த்திருப்பாய். அந்த விதையிலிருந்து எடுக்கிற கோல்ச்சிசின் நுண்குழல்களைக் கலைத்துவிடும். பாதை போனால் போக்குவரத்து ஏது? ஆய்வாளர்கள் அதைக் கொடுத்து, நுனிக்குப் போக வேண்டிய நரம்புப் பெப்டைடுகள் (நரம்பு செல்கள் சேதிக்குப் பயன்படுத்துகிற சின்னப் புரதத் துண்டுகள்) செல் உடலிலேயே தேங்கி நிற்பதைச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். செல் செய்து வைத்தது அத்தனையும் உள்ளேயே இருக்கும், நுனிக்கு ஒன்றும் போய்ச் சேராது.

நீ இருக்கும் மும்பையிலேயே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சந்தியா கௌஷிகா இதைத்தான் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் ஆராய்கிறார். மொத்தமே 302 நரம்பு செல்கள், கண்ணாடி மாதிரி உடம்பு, அதனால் உயிரோடு வைத்தே பைகள் ஓடுவதைப் பார்க்கலாம். அந்த மாதிரி வீடியோக்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒன்று தேடிப் பார். சில பைகள் போய்க்கொண்டே இருக்கும்போது நின்று, திரும்பி, மறுபடி போகும். ஏன் அப்படி என்று உனக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்கு எழுது. அப்பாவுக்குப் பிரஷர் சரியாக இருக்கிறது, கவலைப்படாதே. ராத்திரி சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அம்மா