செம்பட்டை முடிக்காரி ஆன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ கதையைக் குழந்தைகளுக்குக் காட்ட எந்தப் படம் நல்லது என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். கனடா எழுத்தாளர் எல். எம். மான்ட்கோமரி 1908-இல் படைத்த ஆன் ஷெர்லியைப் பள்ளி நாளிலிருந்து நேசிப்பவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கதைத் தொடக்கத்தில் ஆன் ரயில் நிலையத்தில், கூரைப் பலகைக் குவியல் மேல் பழைய பையோடு காத்திருக்கிறாள். வேலைக்கு ஒத்தாசையாக ஒரு பையனை எதிர்பார்த்து வந்த பண்ணைக்காரர் மாத்யூ திகைக்கிறார். அவளோ, நீங்கள் வராவிட்டால் அந்தக் காட்டுச் செர்ரி மரத்தில் ஏறி ராத்திரியைக் கழித்திருப்பேன் என்கிறாள். யாருமற்ற பதினோரு வயதுப் பிள்ளை! இந்தத் துள்ளல்தான் அவள் உயிர்.

2017-இல் தொடங்கிய ‘ஆன் வித் ஆன் இ’ தொடரில் ஏமிபெத் மெக்நல்டி அருமையாக நடித்திருக்கிறார். ஆனால் ஆன் பட்ட அடியும் அவமானமும் நினைவுக் காட்சிகளாக வந்துகொண்டே இருக்கின்றன. நாவலில், முன்பு வளர்த்தவர்கள் உன்னை நன்றாக வைத்திருந்தார்களா என்று மாத்யூவின் சகோதரி மரில்லா கேட்பாள். ஆனின் முகம் சிவந்துவிடும். நல்லபடியாக வைத்துக்கொள்ளத்தான் நினைத்தார்கள் என்று மழுப்புவாள். எனக்கு அந்த மழுப்பல்தான் அதிகம் வலிக்கிறது.

சிறுவர்களுக்கு மேகன் ஃபாலோஸ் நடித்த 1985 குறுந்தொடரைக் காட்டுங்கள். அப்புறம், இசாவோ தகாஹாத்தா 1979-இல் இயக்கிய ஜப்பானிய அனிமேஷன். 50 பாகங்கள், நாவலின் நிதானம் அப்படியே இருக்கிறது. அவசரப்படாமல் ஒரு நாளைக்கு ஒரு பாகம் போதும்.

- ஒரு வாசகி, திருச்சி