லண்டன்ல இருந்து வரப்போற மகளுக்கு

அன்பான பிள்ளை,

பொங்கலுக்கு வாறன், பிளேன்ல ஒரு மணித்தியாலம் தானே அப்பா எண்டு நீ போன்ல சொன்னதில இருந்து எனக்கு அதே யோசனைதான். லண்டனுக்கும் பாரிசுக்கும் நேரா அளந்தா 344 கிலோமீற்றர் தான், பிளேனுக்கு 1 மணி 15 நிமிசம் எண்டு போடுவினம், அதில ரன்வேக்கு ஊர்ந்து போறதும் சேர்த்தி, வானத்தில பறக்கிறது ஒரு மணித்தியாலமும் வராது, எல்லாம் சரி. ஆனா நீ வெளிக்கிடுறது ஈஸ்ட்ஹாம் வீட்டில இருந்து, வந்து சேரவேண்டியது பாரிசுக்கு வெளியில இருக்கிற எங்கட லாக்கூர்நெவ் வீட்டுக்கு.

நீ பாத்த மலிவு பிளேன் ரிக்கெற் லண்டனுக்கு வடக்க இருக்கிற லூட்டன் எயாப்போட்டில இருந்து. ரியூப் எடுத்து ஃபாரிங்டன்ல மாறி அடுத்த ரெயின் பிடிக்கோணும், அந்த ரெயினே செயின்ட் பாங்கிராசைத் தாண்டித்தான் லூட்டன் போகும் பிள்ளை. பாரிசுக்கு நேரா வாற யூரோஸ்டார் ரெயின் நிக்கிற அந்த ஸ்டேசனைக் கடந்து வடக்க போய், அங்க ரெண்டு மணித்தியாலம் காத்திருந்து, பிறகு தெற்க பறந்து வரப்போறாய். இங்க ருவாசி எயாப்போட்டில இறங்கி பாஸ்போட் லைன், பிறகு பாரிசுக்குள்ள போற ஆர்ஈஆர் பி ரெயின், அதிலயும் சில ரெயின் எங்கட ஸ்டேசன்ல நிக்காம நேரா பாரிஸ் பெரிய ஸ்டேசன் கார் து நோர் போயிடும், சில நாள் ராவில வேலை நடக்குது எண்டு லைனை மூடி பஸ் விடுவினம். எல்லாம் கூட்டினா ஆறு மணித்தியாலத்துக்குக் கிட்ட வருது. இங்கத்த நேரம் ஒரு மணி முந்தி எண்டதால நீ வந்து இறங்க நடுச்சாமம் ஆகிடும், பெட்டியோட தனிய நீ அந்த நேரம் வாறது அம்மாவுக்கும் எனக்கும் மனசுக்கு ஒப்பேல்ல.

யூரோஸ்டார் எண்டா ஈஸ்ட்ஹாம்ல ரியூப் ஏறினா மாறாமலே செயின்ட் பாங்கிராசுக்குப் பக்கத்து கிங்ஸ் கிராஸ், அரை மணித்தியாலம். பிரெஞ்சுப் பொலிஸ் பாஸ்போட்டை அங்கயே பாத்து முடிச்சிடும், இங்க இறங்கினா நேரா வெளிய நடக்க வேண்டியதுதான். ரெயின் 2 மணி 20 நிமிசம் மாதிரி, 300 கிலோமீற்றர் வேகத்தில ஓடும், கடலுக்குக் கீழ வாற அந்த 50 கிலோமீற்றர் சுரங்கத்தில மட்டும் 160க்குக் குறைப்பாங்கள். யூரோஸ்டார் வந்து நிக்கிற கார் து நோரில இருந்து எங்கட வீடு ரெண்டாவது ஸ்டேசன், நான் பிளாட்போம் வாசல்லயே நிப்பன்.

காசு கூட எண்டு நீ சொல்லுவாய், உண்மைதான், கடைசி நேரத்தில எடுத்தா நல்லா ஏறிடும். அதுதான் இப்பவே எடுக்கச் சொல்லுறன், வித்தியாசத்தை நான் போடுறன், அதைப் பற்றிக் கதைக்காத. ரெண்டு பெட்டி சும்மா கொண்டு வரலாம், நிறுக்கவும் மாட்டினம்.

திரும்பிப் போகேக்க அம்மா சாப்பாடு கட்டித் தருவா, அது உனக்குத் தெரியும். ஆட்டிறைச்சியும் பால் சாமானும் 2025 ஏப்ரல்ல இருந்து இங்க இருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக விடுறாங்கள் இல்லை, அம்மாக்குச் சொல்லிட்டன், அவ மீன் குழம்பு வைக்கிறன் எண்டுறா. பிளேன் எண்டா கைப்பையில 100 மில்லிக்கு மேல குழம்பு ஏத்தேலாது, ரெயின்ல அந்தக் கரைச்சல் இல்லை.

லீவு எண்டைக்கு எண்டு வேலையில கேட்டுச் சொல்லு, பின்னேரம் 6 மணிக்கு முந்தி வந்து சேருற ரெயினாப் பாத்து நான் ரிக்கெற் போடுறன்.

அப்பா