அந்த 1996 பாட்டிலைத் திறந்துவிட்டேன்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நாம் சேர்ந்து வாங்கி ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டோமே, பிரான்சின் போர்டோ பகுதியிலிருந்து வந்த அந்த 1996 மெடாக் சிவப்பு ஒயின், அதைத் திறந்து பார்த்துவிட்டு உனக்கு எழுதலாம் என்று காத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை திறந்தேன்.

இத்தனை வருடம் படுத்தே கிடந்த பாட்டில் என்பதால், வண்டல் அடியில் இறங்கட்டும் என்று இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்தேன். ஒயின் கழுத்துக்குக் கீழே, தோள் தொடங்கும் இடம்வரை இருந்தது. இந்த வயதுக்கு அது குறையில்லை. தக்கை மட்டும் பாதியில் முறிந்துவிட்டது. மீதியை மெதுவாக எடுத்து முகர்ந்தேன். தக்கை கெட்டிருந்தால் வரும் ஈர அட்டைப்பெட்டி வாசம் இல்லை. அப்புறம்தான் மூச்சு சீரானது. கழுத்துக்குக் கீழே விளக்கு வைத்து, வண்டலைப் பிரித்து ஊற்றும் கண்ணாடிக் குடுவையான டிகாண்டரில் ஊற்றினேன். வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்திவிட்டேன்.

கிளாஸை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்தால் நடுவில் மாதுளை நிறம், விளிம்பில் செங்கல் நிறம். இளமையில் கருஊதாவாக இருந்த ஒயின் இது. நிறம் தரும் பொருள்களும் துவர்ப்பு தரும் டானினும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, கடைசியில் வண்டலாக இறங்கிவிடுகின்றன. ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முதிர்ச்சியைச் சொல்ல மாட்டேன். வெப்பத்தில் வெந்துபோன பாட்டிலும் இதே போலப் பழுப்பேறும்.

மூக்குதான் எனக்கு முக்கியம். முதலில் வாசனை ஒடுங்கியே இருந்தது. பத்து நிமிடம் கழித்து தேவதாரு, புகையிலை, பழைய தோல், மழை விட்ட காட்டில் மட்கும் இலை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வயதான ஒயினில் இவை வரும் என்று எதிர்பார்த்ததுதான். நான் தேடியது பழத்தை. அது இருந்தது நண்பா! இளம் ஒயினில் இருந்த பிளாக்கரண்ட் என்ற கரும்பழத்தின் வாசம் வற்றி, உலர்ந்த அத்திப்பழம் போல ஆகியிருந்தது, ஆனாலும் உயிரோடு இருந்தது. பழமும் அந்த முதிர்ந்த வாசனைகளும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்கிற காலத்தைத்தான் நான் முதிர்ச்சி என்பேன். வாயில் துவர்ப்பு பட்டுத்துணி மாதிரி மென்மையாகியிருந்தது. புளிப்பு இன்னும் நிமிர்ந்து நின்றது. விழுங்கிய பிறகும் சுவை வெகுநேரம் விலகவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து அதே ஒயினை மறுபடி ஊற்றிக் குடித்தேன். பழம் போய்விட்டிருந்தது. புளிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. காற்று பட்டு இவ்வளவு சீக்கிரம் சரிகிற ஒயின் உச்சியைத் தாண்டிச் சற்றே இறங்கத் தொடங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

நீ, இன்னும் பத்து வருடம் தாங்கும் என்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெடாக்கில் கபெர்னே சோவிஞான் திராட்சைக்கு 1996 நல்ல ஆண்டு, சரி. இந்தப் பாட்டிலும் அதற்கேற்றபடிதான் இத்தனை காலம் நின்றது. ஆனாலும் பத்து வருடம் அதிகம். உன்னுடையது இத்தனை காலமும் 13 டிகிரியில் அசையாமல் கிடந்தது. என்னுடையது இரண்டு முறை வீடு மாறியது. அதனால் உன் பாட்டில் கொஞ்சம் இளமையாக இருக்கலாம். ஒரே பெட்டியில் வந்தவைகூட ஒன்று போல முதிர்வதில்லை, தக்கைக்குத் தக்கை உள்ளே நுழையும் காற்றின் அளவு வேறு.

இன்றைக்கே டார்ச் அடித்து ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார். தோளின் பாதிக்கு இறங்கியிருந்தால் எனக்காகக் காத்திருக்காதே, உடனே திறந்துவிடு. மேலே நின்றால், நான் மார்ச்சில் வருகிறேன். வருவதற்கு இரண்டு நாள் முன்பு நிமிர்த்தி வை. நான் வந்து சேர்ந்த பிறகு தக்கையில் கை வைத்தால் போதும்.

அன்புடன்,
உன் நண்பன்