தகாகாவும் தண்ணீர்த் திரையும்

யாழ்ப்பாணம், திருநெல்வேலி.

அன்புள்ள குமரன்,

நலம். மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டார்.

போன கிழமை விறாந்தையில் இருந்தபோது, உள்ளேயிருந்து, நாம் முன்பு ஆடிய கணினி ஆட்டத்தில் தகாகா என்ற பூதம் துரத்தும்போது வரும் இசை கேட்டது. எழுந்து போனேன். மருமகன் கணினியில் ‘பிரின்ஸ் ஒஃப் பெர்சியா: வாரியர் விதின்’ விளையாடிக்கொண்டிருந்தான்.

2005இல் உன் அண்ணா ஏ9 வீதி வழியாக பஸ்ஸில் கொண்டுவந்த சிடி நினைவிருக்கிறதா? கீறல் விழுந்த இடத்தைச் சாரத்தின் ஓரத்தால் துடைத்துத் துடைத்துப் போடுவோம். தொடங்கிய அன்றே உன்னிடம் சண்டை பிடித்தேன். இந்தக் கதையின் முதல் பகுதியாக 2003இல் வந்த ‘சாண்ட்ஸ் ஒஃப் டைம்’ ஆட்டத்தில் இளவரசன் தன் கதையைத் தானே சொல்வான். விழுந்து செத்தால், ‘இல்லை, அப்படி நடக்கவில்லை’ என்று திருத்துவான். இளவரசி ஃபாரா வில்லோடு கூட வருவாள். அடுத்த ஆண்டே வந்த இதில் அவளும் இல்லை, அந்தக் குரலும் இல்லை. உறுமலும் இரத்தமும்தான்.

இப்போது பக்கத்தில் இருந்து பார்த்தபோது, அன்று அநியாயமாகப் பேசிவிட்டேன் என்று பட்டது. முதல் பகுதியில் காலத்தைத் திருப்பி எல்லோரையும் காப்பாற்றினானே, அதற்குத்தான் இங்கே கணக்குக் கேட்கப்படுகிறது. காலத்தின் மணலை அவிழ்த்துவிட்டவன் சாக வேண்டியவன். தப்பிவிட்டதால் காலத்தின் காவலனான தகாகா அவனை ஏழு ஆண்டுகளாகத் துரத்துகிறது. அப்படி ஓடுகிறவனின் குரல் முன்போல இருக்குமா? துரத்தல் தொடங்கியதும் திரையின் நிறமே வெளிறிவிடுகிறது. கொட்டும் தண்ணீருக்கு அப்பால் பாய்ந்தால்தான் உயிர். மருமகன் பாய்ந்தான், அது தண்ணீருக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. என் உள்ளங்கை வியர்த்திருந்தது.

ஃபாரா இல்லாததற்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை. பெண் பாத்திரங்களின் உடையும் கண்ணை உறுத்துகிறது.

முக்கியமான விடயம் இதுதான். 2006இல் நீ புறப்படுமுன் நாம் காலத்தின் பேரரசியான கைலீனாவைக் கொன்று ஆட்டத்தை முடித்தோம் அல்லவா? இன்னொரு முடிவும் இருக்கிறது. உயிரைக் கூட்டுபவை ஒன்பது ஒளிந்திருக்கின்றன. அத்தனையையும் எடுத்தால் தண்ணீர் வாள் கிடைக்கும். கடைசியில் எதிரே வருவது தகாகா. கைலீனா பிழைப்பாள்.

மருமகன் எட்டு எடுத்துவிட்டான். ஒன்பதாவதை நீ வரும்வரை தொடாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன். மார்கழியில் வருகிறாய் அல்லவா?

அன்புடன்,
சிவா